ஆறு டீ ட்ரீ செடிகளும் ஒரு தட்டுத் தண்ணீரும்

வானகரத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்சரியில் இப்போது சேர்ந்திருக்கும் பெண்களிடம் ஆளுக்கொரு குச்சி இருக்கிறது. தொட்டி மண்ணில் செருகினால் ஈரத்துக்குப் பச்சை விளக்கு எரியும், காய்ந்திருந்தால் சிவப்பு. போன மாதம் ஒரு கையெழுத்துப் போட அங்கே போயிருந்தபோது அதை என்னிடம் காட்டினார்கள். "அக்கா, இனிமே உங்கள மாதிரி வெரல வுட்டு நோண்ட வேணாம், இதுவே சொல்லிடும்" என்று ஒருத்தி சிரித்தாள். வாங்கிப் பார்த்தேன். என் ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். "இது தப்பா சொன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "அதான் நீங்க கீறீங்களே, எழுதிக் குடுங்கக்கா" என்றாள் இன்னொருத்தி, என்னைச் சீண்டத்தான். சீண்டினால் செய்துவிடுகிற ஆள் நான். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கன்னியம்மா. எங்கள் வீட்டில் எல்லோரும் நாற்று நட்டவர்கள், நானும் பதினைந்து வயது வரை நட்டேன். வயலெல்லாம் மனைகளாகிக் கல் நட்டபோது நாங்கள் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போனோம். நான் நர்சரிக்குப் போனேன். முதல் மூன்று வருஷம் மண் சலித்தேன், பை நிரப்பினேன், களை பிடுங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் என்னை ஆபீஸ் செடி வேலைக்கு மாற்றினார்கள்.

ஆபீஸ் செடி என்றால், கம்பெனிகளுக்கு நாங்கள் வாடகைக்கு விடும் செடிகள். மூன்று வாரம் ஏசி அறையில் நின்ற செடியை எடுத்துக்கொண்டு வந்து நர்சரியில் பச்சை நிழல் வலைக்குக் கீழே ஓய்வெடுக்க விடுவோம். அதன் இடத்தில் அதேபோல இன்னொன்றை வைப்போம். அங்கே வேலை செய்பவர்களுக்குச் செடி மாறியதே தெரியாது. "எங்க ஆபீஸ் செடி வாடவே வாடாது" என்று பீற்றிக்கொள்வார்கள். நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர் தாமோதரன் சார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பின் தோட்டத்தைப் பல வருஷம் பார்த்துவிட்டு வந்தவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்தில் நான்காக மடித்த கைக்குட்டை. சத்தம் போட மாட்டார், பாராட்டவும் மாட்டார். மூன்றே கேள்விதான் கேட்பார். "பாத்தியா? தொட்டியா? எழுதினியா?"

பார்ப்பது என்றால் இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது. தொடுவது என்றால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுவது. விரலில் ஈரம் ஒட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்திருந்தால் பூவாளியில் நிதானமாக ஊற்றி, அடித்தட்டில் வடிகிற தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, தட்டைத் துடைத்து வைக்க வேண்டும். தட்டில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், கொசு முட்டையிடும், மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்தால் கம்பெனிக்குக் கெட்ட பெயர். எழுதுவது என்றால் தொட்டியில் தொங்கும் அட்டையில் தேதி, கண்டது, கையெழுத்து. சனிக்கிழமைதோறும் அவரே வந்து, தன் விரலையும் விட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போடுவார். விரலைக் கைக்குட்டையில் துடைத்து, அதே மடிப்பில் மறுபடி கழுத்தில் வைத்துக்கொள்வார்.

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் பத்துக்கு ஒன்பது தண்ணீர் அதிகமாகித்தான் சாகும். அதனால் அவருடைய விதி ரொம்ப நல்ல விதி. வருஷக்கணக்கில் அது எங்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு செடிகள் வரும் வரைக்கும்.

மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனி ஆபீஸ். நான்கு மாடியிலும் எங்கள் செடிதான். அவர்கள் டீ ட்ரீ எண்ணெய் சேர்த்துப் புதிதாக ஒரு சோப்பு போட்டார்கள். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ரிசப்ஷனில் அந்தச் செடியையே வைக்கச் சொன்னார்கள். பெங்களூரு பக்கத்திலிருந்து ஆறு செடிகள் வந்தன. இடுப்புயரம், நூல்போல மெல்லிய இலை. கசக்கினால் மருந்துக்கடை வாசனை அடிக்கும். டீ என்று பெயரைக் கேட்டதும் வாசல் காவலர் இரண்டு இலையைக் கிள்ளிக்கொண்டு போனார். அதைக் கொதிக்க வைத்தால் வயிறு கெட்டுப்போகும் என்று துரத்திப் பிடித்துப் பிடுங்கினேன்.

அதற்குக் கண்ணாடியோரத்து வெயில் வேண்டும். ஆனால் அலங்காரம் செய்தவர் ஆறையும் சுவரோரமாக, நேர்மேலே ஏசி காற்று இறங்குகிற இடத்தில் வரிசையாக வைத்துவிட்டார். மாற்றி வைக்க ஜோடிச் செடியும் கிடையாது, ஆறுதான் வாங்கியிருந்தோம். பாதியாவது சரிசெய்யலாம் என்று, தரை துடைக்கும் சாக்கில் வாரத்துக்கு ஒரு சாண் வீதம் ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டே போனேன். யாரும் கவனிக்கவில்லை. திங்களும் வியாழனும் என் முறை. விரலை விட்டால் எப்போதும் ஈரம் ஒட்டியது. அட்டையில் "ஈரம் உண்டு" என்று எழுதினேன். சனிக்கிழமை சாரும் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் மாதம் ஒரு வியாழக்கிழமை ஒரு தொட்டியை நகர்த்துவதற்காகத் தூக்கினேன். காலிக் குடத்தைத் தூக்கியதுபோல சட்டென்று மேலே வந்தது. ஈர மண் இவ்வளவு லேசாக இருக்காது என்று எனக்குத் தெரியும். மறுபடி விரலை விட்டேன், ஈரம் ஒட்டியது. இலை பச்சையாகத்தான் இருந்தது, தொங்கவும் இல்லை. ஈரம் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். அடுத்த திங்களும் அதேதான் செய்தேன். சாரிடம் சொல்லவில்லை. அவர் விதிக்கு மேலே என் கைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேனோ, இல்லை, கேட்டால் வேலை நீளும் என்று நினைத்தேனோ. இரண்டும்தான். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

அந்த வியாழன் இலையைத் துடைக்கக் கையை வைத்தேன், பச்சை நிறம் மாறாமலே பொலபொலவென்று உதிர்ந்தது. நான்கு செடி அப்படி. மற்ற இரண்டில் நுனி மட்டும் இன்னும் காயாமல் மிருதுவாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் தாமோதரன் சார் வந்துவிட்டார். செத்த செடி ஒன்றைப் பின்பக்கம் லாரி நிற்கும் இடத்துக்கு எடுத்துப் போய், தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, வேர்க்கட்டியைக் கையால் இரண்டாகப் பிளந்தார். மேலே இரண்டு விரற்கடை கறுப்பாக நனைந்திருந்தது. அதற்குக் கீழே, தொட்டி மண்ணில் கலந்திருந்த தேங்காய் நார்த்தூள் முழுக்க உலர்ந்து, பிளந்தபோது தூசி பறந்தது. வேர் மொத்தமும் அந்தத் தூசிக்குள். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சார் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"மேல எப்படி ஈரம் வந்துச்சு கன்னிம்மா? நீ ஊத்தல, நானும் ஊத்தல" என்றார்.

மறுநாள் என் முறை இல்லாவிட்டாலும் ஏழு மணிக்கே போய் ரிசப்ஷனில் நின்றேன். ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் பாக்கியம் ஒரு பையோடு வந்தாள். மேசைகளில் முந்தின நாள் மிச்சம் வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களைத் திறந்து, தொட்டிக்கு ஒரு வாய் என்று ஊற்றிக்கொண்டே போனாள். திருநின்றவூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வருகிறவள்.

"இன்னா பாக்கியம், தெனமும் ஊத்துறியா?"

"ஆமாக்கா. எங்க தெருவுல ஒரு கொடம் தண்ணிக்கு அடிச்சிக்கிறாங்கோ, இங்க பாட்டில் பாட்டிலா சிங்க்ல கொட்ட சொல்றாங்கோ. மனசு கேக்கல. செடியாச்சும் குடிக்கட்டும்னு ஊத்திகினு கீறேன். இன்னாக்கா, தப்பா?"

"இன்னிக்கு ஊத்தாத, அப்புறம் சொல்றேன்" என்றேன். பெரிய இலைச் செடிகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்ததால் அவற்றில் இது தெரியவில்லை. இந்த ஆறும் அங்கேயே நின்றதால், அவள் ஊற்றிய ஒரு வாய்த் தண்ணீர் மேல்மண்ணோடு நின்று, தினமும் எங்கள் விரலை ஏமாற்றியது. அடியில் செடி தாகத்தில் செத்தது.

அன்று மத்தியானம் அந்த ஆபீஸ் நிர்வாக அதிகாரி கீதா மேடம் சாரையும் என்னையும் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, கறார். "மேல எனக்கு ரிப்போர்ட் போடணும் மிஸ்டர் தாமோதரன். யாரால இது நடந்துச்சுன்னு ஒரு பேர் வேணும். அந்த ஆளோட பேரை கேட் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவேன், அப்புறம் இந்தக் கட்டடத்துக்குள்ள வர முடியாது. மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன். மீதி ரெண்டும் போச்சுன்னா உங்க நர்சரியே வேண்டாம்" என்றார்.

அந்த ஆபீஸ் போனால் நர்சரியில் என் வேலை போகும். நான் போகாமல் இருக்க வேண்டுமென்றால் பாக்கியத்தின் பெயரைச் சொன்னால் போதும், பொய்யும் இல்லை. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஆள் எடுக்கும் ஏஜென்சி காரணம் கேட்காமல் அனுப்பிவிடும். வெளியே வந்ததும் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் தொட்டியைத் தூக்கிப் பார்த்ததைத் தவிர.

அவர் கழுத்துக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேர் சொல்றது ஒரு நிமிஷ வேலைம்மா. அத மாசக் கடைசில சொல்லலாம். இப்ப ரெண்டு செடி இருக்கு" என்றார்.

ஒரு பெரிய பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, முதல் தொட்டியை அப்படியே முக்கினோம். குமிழியாகக் கொப்பளித்தது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசிக் குமிழி நிற்க அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு காய்ந்திருந்தது. இரண்டாவதையும் அப்படியே முக்கி எடுத்து, இரண்டையும் மூன்றில் ஒரு பங்கு உயரம் கத்தரித்து, மேடத்திடம் சொல்லிக் கிழக்கு ஜன்னல் கண்ணாடியோரம் வைத்தோம்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "சார், செடி வித்தவர் போன்ல இன்னா சொன்னாரு? அதோட ஊர்ல சதுப்புல நிக்கிற மரம்னாரு. நான் முழங்கால் தண்ணில நாத்து நட்டவ. தண்ணில நிக்கிற செடிய மேல வெரல வுட்டு பாத்துகினு இருந்தா ஆவாது. தட்டுல தண்ணி நிறுத்தணும்."

"முப்பது பேருக்கு நான் சொல்லிக் குடுத்ததே தட்டுல தண்ணி நிக்கக் கூடாதுன்னுதான். இந்தச் செடிங்க வேர் அடிபட்டுக் கெடக்கு. தண்ணில ஒக்காத்தி வெச்சா அழுகிடும்மா."

"அழுவட்டும் சார், என் பேர எழுதிக்கலாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி. ரெண்டு செடி இருக்கு. ஒண்ணு உன் மாதிரி, ஒண்ணு என் மாதிரி" என்றார். தன் செடிக்கு விரலோடு ஒரு மூங்கில் குச்சியையும் அடிவரை விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குமேல் அவரால் இறங்கி வர முடியவில்லை.

என் செடியின் தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர். கொசு பிடிக்கக் கூடாது என்றால் தினமும் பழையதைக் கொட்டித் தட்டைத் தேய்த்துப் புதிதாக நிரப்ப வேண்டும். அந்த ஆபீஸ் போர் தண்ணீர் உப்பு, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீர் இதற்கு ஆகாது. பின்பக்கம் ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. பாக்கியத்திடம் போய்ச் சொன்னேன். நடந்ததையும் மறைக்கவில்லை.

அழுதுவிட்டாள். "நான்தான் கொன்னுட்டேனாக்கா?"

"அழுவாத. ஊத்துற கைய நிறுத்தச் சொல்லல, எடத்த மாத்தச் சொல்றேன். மேல ஊத்தாத. கீழ தட்டுல ஊத்து. ஏசி தண்ணி மட்டும்."

அன்றிலிருந்து ஏசி குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் இருந்தது. தினமும் காலையில் நான் என் மற்ற ஆபீஸ்களுக்குப் போகும் வழியில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். தட்டு கழுவித் தண்ணீரோடு இருக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருக்கும். அந்தக் கனம் எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் இலை வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. கத்தரித்த குச்சிகள் குச்சிகளாகவே நின்றன. வரவேற்பில் உட்காரும் பெண், "அக்கா, தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் செடி வெச்சிடுங்க, தண்ணியே வேணாம்" என்றாள். முறைத்தேன், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமைகளில் சார் வந்து நகத்தால் தண்டைக் கீறிப் பார்ப்பார். தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் பச்சை இருந்தது. மூன்றாவது சனி அவர் செடியில் கீறினார், பழுப்பு. இன்னும் கொஞ்சம் கீழே, பழுப்பு. மண்ணை ஒட்டிக் கீறினார், அங்கேயும் பழுப்பு. என் செடியைக் கீற அவர் குனிந்தபோது நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "வேணாம் சார், இங்க பாருங்க." தண்டின் கணுவில், அரிசி நுனி அளவுக்கு, சிவந்த பச்சையில் மூன்று முளை.

ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கத் தோன்றவில்லை. அவர் தன் செடியின் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தாங்கவில்லை. "உனக்கு முன்னாடியே ஏதாவது தோணுச்சா கன்னிம்மா?" என்று கேட்டார். அப்போது சொன்னேன். தொட்டி லேசாக இருந்ததை, இரண்டு தரம் தெரிந்தும் கையெழுத்துப் போட்டதை. அவர் திட்டவில்லை. "நீ சொல்லியிருந்தாலும் நான் வெரல விட்டுப் பாத்துட்டு ஈரம் உண்டுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அந்தப் பதில்தான் என்னை அதிகமாகச் சுட்டது.

மாசக் கடைசியன்று கீதா மேடம் ரிசப்ஷனுக்கு இறங்கி வந்தார். கையில் பேடும் பேனாவும். முளைகள் அதற்குள் விரல் நீளத் தளிராகியிருந்தன. பார்த்தார், முகர்ந்தார். "ஆறுல ஒண்ணு. சரி, பேர் சொல்லுங்க."

"தாமோதரன்னு எழுதிக்குங்க. வெரல் விடுற விதி என்னோடது. இவங்க நான் சொன்னதத்தான் செஞ்சாங்க" என்றார் சார்.

"இல்ல மேடம். தொட்டி வெயிட்டு இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே சும்மா இருந்தேன். கன்னியம்மான்னு எழுதுங்க" என்றேன்.

மாடிப்படி பெருக்கிக்கொண்டிருந்த பாக்கியம் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "மேடம், இவங்க ரெண்டு பேரும் இல்ல. மேல மேல தண்ணி ஊத்தனது நானு. பேரு பாக்கியம். ஹவுஸ்கீப்பிங்."

கீதா மேடம் பேனாவை மூடினார். "மூணு பேரையும் எடுத்துட்டா இந்த ஒண்ணுக்கு யாரு தண்ணி வைப்பா?" என்றார். சிரிப்பு வந்ததுபோல இருந்தது, அடக்கிக்கொண்டார். "ஆனா நான் மேல ஏதாவது எழுதியாகணுமே. என்னத்த எழுதுறது?"

அதிகாரிகளிடம் நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். அன்று பேச்சு தடுமாறாமல் வந்தது. "உள்ளத எழுதுங்க மேடம். இதுக்கு எப்படி தண்ணி வெக்கிறதுன்னு தெரியாம அஞ்சு செடிய கொன்னுட்டோம். இப்போ தெரிஞ்சிகிச்சி. ஆறாவது சாவாதுன்னு எழுதுங்க."

பேனாவைத் திறந்து எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியதால் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. சார் எட்டிப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கேட்டில் நின்றேன். எனக்கு முன்னால் பாக்கியம், பின்னால் சார். அவர் திங்களில் வருகிறவரே இல்லை. காவலர் பட்டியலை எடுத்து விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். பாக்கியத்தின் பெயரில் ஒருமுறை நின்றது, என் பெயரில் ஒருமுறை, சார் பெயரில் ஒருமுறை. "போங்க, போங்க, செடிக்குத் தண்ணி வெக்கணும்ல" என்றார். மூன்று பேரும் உள்ளே போனோம்.